வேலியில் இருந்த போத்தல்

எங்கள் கிணற்றடிக் கிடுகு வேலியில், பூவரசங் கதியால் ஒன்றின் கவட்டில், ஒரு போத்தல் தலைகீழாகச் செருகியிருக்கும். துலா மிதிக்க வருகிறவருக்கு அம்மம்மா அதில்தான் தேத்தண்ணி வார்ப்பார். குடித்ததும் அவரே கழுவி, அதே கவட்டில் செருகிவிட்டுப் போவார். எங்களுக்கு மூக்குப்பேணி. என்னைவிட நாற்பது வயதாவது மூத்த அந்த மனிதரை நானும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். 1968இல் எனக்கு எட்டு வயது. அளவெட்டியில் எங்கள் பக்கத்தில் அந்தப் போத்தல் எவர் கண்ணையும் உறுத்தியதில்லை.

சின்ன மாமாவை உறுத்தியது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போன தீண்டாமை எதிர்ப்பு ஊர்வலத்தில் அவரும் நடந்தவர். இரவில் றேடியோ முள்ளை மெல்லத் திருப்பிப் பீக்கிங் வானொலியின் தமிழ்க் குரலைத் தேடுவார். அது இரைச்சலுக்குள் அமிழ்ந்துபோனால், பீக்கிங்கில் அச்சான ஆங்கிலப் புத்தகத்தை அரிக்கன் லாம்படியில் விரித்து, வரிவரியாகத் தமிழில் சொல்லுவார்.

அப்படிக் கேட்டதுதான் சீன எழுத்தாளர் லூ சுன் 1919இல் எழுதிய 'மருந்து'. தேத்தண்ணிக் கடைக்காரர் ஒருவர். மகனுக்குச் சயரோகம். தலை வெட்டுண்ட புரட்சிக்காரனின் இரத்தத்தில் தோய்த்த ரொட்டியை, சேர்த்துவைத்த காசைக் கொடுத்து, விடியுமுன் வாங்கி வருகிறார். தாமரை இலையில் சுற்றி அடுப்பில் வாட்டிக் கொடுக்கிறார்கள். தின்ற பையனும் செத்துப்போகிறான். எனக்கு அன்று பிடிபட்டது ரொட்டியின் சிவப்பு மட்டும்தான். தின்ற பையனின் குடும்பப் பெயர் ஹுவா, வெட்டுண்டவனுடையது சியா. சேர்த்தால் ஹுவாசியா, சீனத்தின் பழைய பெயர். ஒரு நாட்டையே இரண்டு குழிகளில் புதைத்திருக்கிறார் என்பது வளர்ந்தபிறகு தெரிந்தது.

கடைசியில் இரண்டு தாய்மாரும் இடுகாட்டில் சந்திக்கிறார்கள். புரட்சிக்காரனின் குழிமேட்டில் சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு பூவளையம்.

"ஆர் மாமா வைச்சது?"

"அந்தத் தாய்க்கும் தெரியாதடா."

அதைத் தானாகவே கொண்டுபோய் வைத்ததாக லூ சுன் தன் தொகுப்பின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். கதைக்குள் காரணம் இல்லாத பூ. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

1968இல் சங்கானைத் தேநீர்க்கடைகளிலும் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலும் அதே தீண்டாமைக்கு எதிரான போராட்டம். "சங்கானை ஷாங்காயாகுது" என்று பெரியவர்கள் திண்ணையிலிருந்து கொதித்தார்கள். எங்கள் ஊரில் பிறந்த மஹாகவி, தேர்வடம் பிடிக்க வந்தவனையும் நிலவைத் தொட்டவனையும் ஒரே கவிதைக்குள் கொண்டுவந்து 'தேரும் திங்களும்' எழுதினார். லூ சுன்னின் ரொட்டிக்குப் பக்கத்தில் அந்தத் தேரை வைக்க எனக்குத் தயக்கமே இல்லை.

கதை கேட்டு இரண்டொரு நாளில் கதியாலில் போத்தலைக் காணவில்லை. அம்மம்மா கேத்திலோடு வேலி நெடுகத் தேடினார்.

"ஆரடா எடுத்தது?"

மாமா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. துலாவிலிருந்து இறங்கியவர் தலைத்துண்டை அவிழ்த்து வியர்வையைத் துடைத்தபடி தள்ளி நின்றார். கேத்தில் மூக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அம்மம்மா அவரைப் பார்த்தார், மாமாவின் முதுகைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உள்ளுக்கை போய் ஒரு பேணி எடுத்துக்கொண்டு வா."

எந்தப் பேணி என்று சொல்லவில்லை.