80 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது?

சப்வூஃபரின் பின்பக்கம் 'கிராஸ்ஓவர்' என்று எழுதிய நாப் ஒன்று இருக்கும். எத்தனை ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி சப்வூஃபருக்கு என்ற எல்லையை வைப்பது அதுதான். 40இல் தொடங்கி 150, 160 வரை திருகலாம். எங்கே நிறுத்துவது என்று கேட்டால் கடைக்காரர், கையேடு, விஷயம் தெரிந்த நண்பர் எல்லாருமே 80 என்பார்கள். புது ரிசீவரை இயக்கினாலும் பெரும்பாலும் அந்த எண்தான் திரையில் நிற்கிறது. ஏன் 70 ஆகாது, ஏன் 100 ஆகாது என்று கேட்டால் பதில் வருவதில்லை.

என் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களோடு சப்வூஃபரைச் சேர்த்த நாளிலிருந்து இந்த எண் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளையும் விரல் வைக்காமல் மீட்டினால் ஏறக்குறைய 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் வரும். மூன்று 80க்குக் கீழே, ஒன்று மேலே. இளையராஜா பாட்டில் பேஸ் மேலும் கீழும் நடக்கும்போது அது இந்த எல்லையை ஓயாமல் தாண்டுகிறது. என் அறையில் அந்தத் தாண்டல் காதில் விழுந்தது. சில ஸ்வரங்கள் தடித்து எழுந்தன, பக்கத்து ஸ்வரம் மெலிந்து போனது. எல்லைக்கோட்டை வரைந்தவர் யார், எதை எண்ணி வரைந்தார் என்று தெரிந்தாக வேண்டும் என்று தேடத் தொடங்கினேன்.

முதலில் கிடைத்த தடம் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் லூகாஸின் நிறுவனத்துக்குப் போனது. 1980இல் அங்கே சேர்ந்த டாம்லின்சன் ஹோல்மன், ஒலிக்கலவை அறையில் கேட்டது திரையரங்கிலும் அப்படியே கேட்க ஒரு தரமுறையை வகுத்தார். 1983இல் 'ரிடர்ன் ஆஃப் த ஜெடை' படத்தோடு அது டி.எச்.எக்ஸ். என்ற பெயரில் அரங்குகளுக்கு வந்தது. ஆனால் அந்த அரங்க முறையின் முக்கியமான கிராஸ்ஓவர் 500 ஹெர்ட்ஸில், பெரிய வூஃபர் பெட்டிக்கும் அதன் மேலுள்ள ஹார்னுக்கும் நடுவில் இருந்தது. நான் தேடிய எண் 1990களின் தொடக்கத்தில், இதே தரமுறை வீட்டு வரவேற்பறைக்கு இறங்கியபோது வந்தது.

அதற்கான காரணங்களில் ஒன்று எல்லாருக்கும் தெரிந்ததுதான். 80 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் 4.3 மீட்டர். நம் இரு காதுகளுக்கும் இடையே 20 சென்டிமீட்டர்கூட இல்லை. அவ்வளவு நீண்ட அலை எந்த மூலையிலிருந்து வருகிறது என்று சொல்வது காதுக்கு மிகக் கடினம். அதனால் சப்வூஃபரை அறையின் எங்கோ ஓர் ஓரத்தில் வைத்தாலும் ஒலி முன்னாலிருந்தே வருவதாகத் தோன்றும். இந்தக் காரணம் மட்டும் எனக்குப் போதவில்லை. 70க்கும் இதே நியாயம் பொருந்துமே!

மீதி விளக்கம் சரிவில் இருந்தது. ஹோல்மனின் முறையில் சப்வூஃபருக்குப் போகும் ஒலி 80க்கு மேல், ஸ்தாயிக்கு 24 டெசிபல் என்ற கணக்கில் வெட்டப்படுகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியோ 80க்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபல்தான். ஒரு பக்கம் 24, மறுபக்கம் 12. இது என்ன கோணல் என்று நெடுநேரம் விழித்தேன்.

விடை 1976இல் இருந்தது. அன்று அளவைக் கருவிகள் செய்துவந்த ஹியூலெட்-பேக்கார்டில் வேலை பார்த்த ஜெர்மானியப் பொறியாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ், ஒலிப் பொறியியல் சங்கத்தின் இதழில் அந்த ஆண்டு எழுதிய கட்டுரை அது. உடன் பணிபுரிந்த ரஸ் ரைலியின் பெயரையும் சேர்த்து இன்று அதிலுள்ள முறையை லிங்க்விட்ஸ்-ரைலி கிராஸ்ஓவர் என்கிறார்கள். 1930இல் ஆங்கிலேயர் ஸ்டீஃபன் பட்டர்வொர்த் தந்த ஃபில்டரை எடுத்து, இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைப்பதுதான் அதன் சாரம். 12ஐயும் 12ஐயும் அடுக்கினால் 24. எல்லையில் இரு ஒலிகளும் 6 டெசிபல் தணிந்து, ஏற்ற இறக்கம் ஒத்த அலைகளாகச் சந்திக்கின்றன. கூட்டினால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

அப்படியானால் ஸ்பீக்கர் பக்கத்தின் இரண்டாவது 12 எங்கே? அது ஸ்பீக்கர் பெட்டியேதான். முழுதும் மூடிய பெட்டி தன் எல்லைக்குக் கீழே தானாகவே ஸ்தாயிக்கு 12 டெசிபல் சரியும். ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதிய கட்டுரைகள் இந்தச் சரிவை ஃபில்டர் கணக்காகவே எழுதிக் காட்டியிருந்தன. ஆக, சரியாக 80இல் இறங்கத் தொடங்கும் மூடிய பெட்டியை எதிரே வைத்துக்கொண்டுதான் இந்த முறை வரையப்பட்டிருக்கிறது. மின்சுற்றில் பாதி ஃபில்டர், மரப்பெட்டியில் மீதிப் பாதி. இதைப் புரிந்துகொண்ட கணத்தில் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல. எவ்வளவு அழகான சிக்கனம்!

ஆனால் இன்று விற்கும் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை மூடிய பெட்டிகள் அல்ல. முன்னாலோ பின்னாலோ துளை இருக்கிறது. துளைப் பெட்டி 50, 55 வரை தாக்குப்பிடித்து, பிறகு ஸ்தாயிக்கு 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும். இதன் கணக்கை நெவில் தீல் என்ற ஆஸ்திரேலியர் 1961லேயே போட்டுவிட்டார். அத்தகைய பெட்டியில் 80க்கு அருகே ரிசீவரின் 12 மட்டும்தான் வேலை செய்கிறது. பெட்டி தர வேண்டிய மறுபாதி இல்லை. அலைகள் ஒத்துப்போகாமல் சந்திக்கின்றன. என் அறையில் தடித்த ஸ்வரங்களுக்கு இதுவும் ஒரு காரணம். அறைச் சுவர்களின் பங்கு தனிக் கதை.

அதனால் என் ஸ்பீக்கர்களின் துளைகளில் நுரைப் பஞ்சை அடைத்தேன். பெட்டி ஏறக்குறைய மூடிய பெட்டியாக நடந்துகொள்ளும். பிறகு 80 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, வழக்கமாக உட்காரும் இடத்திலிருந்து கேட்டபடி சப்வூஃபரின் ஃபேஸ் ஸ்விட்சை 0, 180 என்று மாற்றிப் பார்த்தேன். எதில் சத்தம் கூடுகிறதோ அதுவே சரி. ரிசீவர் ஏற்கெனவே வெட்டித் தருவதால் சப்வூஃபரின் சொந்த நாபை உச்சத்துக்குத் திருகிவிட வேண்டும். இல்லையேல் ஒரே ஒலி இருமுறை வெட்டுப்படும். பேஸ் வரிசை இப்போது ஒரே கருவியிலிருந்து வருவதுபோல் கேட்கிறது.

சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை வேறு. அதில் ஸ்பீக்கருக்கு எந்த வெட்டும் இருக்காது. அங்கே 80 என்று வைத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குமுறும். ஸ்பீக்கர் தானாகச் சரியும் 50, 60 பக்கம் நாபை வைத்துக் காதால் நகர்த்துவதே நல்லது. ஸ்பீக்கரின் பெட்டி எந்த வகை, எந்த ஹெர்ட்ஸில் சரியத் தொடங்குகிறது என்ற இரண்டு விவரங்களையும் கிராஸ்ஓவர் பக்கத்திலேயே கையேடுகள் அச்சிட வேண்டும். அவை இல்லாமல் 80 என்று மட்டும் சொல்வது வாங்குபவருக்கு உதவாது.