பிறதேச வாசமும் பேச்சோசையும்

கல்லூரி விழாக்களுக்கெனக் கடல் கடந்து வரும் பழைய மாணவரைச் சந்திக்குங்கால், அவர்தம் நரையினும் உடையினும் முந்தி எமக்குப் புலப்படுவது அவர்தம் பேச்சின் ஓசையே. ‘சீமைக்குப் போனதும் நாக்கும் மாறிவிட்டது’ என்று நகையாடுவோர் எவ்விடத்தும் உளர். அந்நகைப்பு நியாயமானதுதானா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

நாம் இலண்டன் மாநகரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தோம். ஆங்கே ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசுமுன், ‘நீங்கள் எந்த நாட்டவர்?’ என வினவுவர். விடுமுறையில் ஊர் வந்து சந்தையிற் கத்தரிக்காய் விலை கேட்டபோது, ‘தம்பியின்ரை கதை வேறை மாதிரிக் கிடக்கு, எந்த ஊர்?’ என்றார் மரக்கறி விற்ற மூதாட்டி ஒருவர். அவ்விடத்தார்க்கு நாம் இவ்விடத்தார், இவ்விடத்தார்க்கோ அவ்விடத்தார். வேண்டுமென்று நாம் எந்த ஓசையையும் பயின்றதில்லை. பின்னர் அஃது எங்ஙனம் வந்தது?

ஒலிநூலார் இதற்கு விடை கண்டுள்ளனர். ஆங்கிலர் சொல்லின் முதலிற் பகரத்தை ஒலிக்கும்போது சிறு மூச்சு வெளிப்பட்டு, அதன் பின்னரே குரல் எழும். தமிழில் ‘பால்’ என்னும்போது அம்மூச்சு எழுவதில்லை. போர்த்துக்கேய மொழியும் அத்தகையதே. அமெரிக்காவிலும் பிரேசிலிலும் மாறி மாறிச் சில மாதங்கள் வாழ்ந்த பிரேசில் நாட்டுப் பெண்மணி ஒருவரின் பேச்சைச் சான்சியர், பௌலர் என்னும் இருவர் அளந்து 1997இல் வெளியிட்டனர். அமெரிக்க வாசத்தின் பின் அவர் பேச்சில் அவ்விடைவெளி நீண்டது. பிரேசில் வாசத்தின் பின் குறுகியது. வியப்பு யாதெனில், ஆங்கிலத்தில் மாத்திரமன்றித் தாய்மொழியிலும் அவ்வாறே நிகழ்ந்தமையாம்.

அந்தாட்டிக்காவில் ஒரு குளிர்காலத்தை ஒருங்கே கழித்த 11 பேரின் பேச்சை ஆராய்ந்தோர் கண்ட முடிவு 2019இல் வெளிவந்தது. சில மாதங்களிலேயே அவர்தம் உயிரொலிகள் சில, கருவியால் அளந்தறியத்தக்க அளவிற்கு மாறியிருந்தன. செவி கேட்பதை நா பின்பற்றுகின்றது. எம் சம்மதத்தை அது கேட்பதில்லை.

மாற்றம் வயதையும் பொறுத்ததாம். கனடாவினின்று இங்கிலாந்திற் குடியேறிய இரு குடும்பத்துப் பிள்ளைகளைச் சேம்பர்ஸ் என்பார் ஆராய்ந்து 1992இல் எழுதினார். அவருள் இளையோர் புதிய ஓசையை நிறைவாகப் பற்றினர், மூத்தோர் பின்தங்கினர். அங்ஙனமாயின், 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் இலண்டனுக்கும் ரொறொன்ரோவுக்கும் பெற்றோர் கையிலேந்திச் சென்ற மழலைகளின் நா அவ்வூர் ஓசையைப் பற்றியதில் வியப்பென்ன?

நாம் அறிந்த இல்லமொன்றிற் சிறுமி ஒருத்தியை விருந்தினர் முன் ‘வாழைப்பழம்’ என்று சொல்லுமாறு பணித்தனர். அவள் நாத் தடுமாறிற்று, அவையோர் சிரித்தனர். அன்று தொட்டு அவள் விருந்தினரோடு ஆங்கிலமன்றிப் பேசினாளல்லள். சிரித்தவருட் பலர் தாமும் ‘வாளைப்பளம்’ என்பவரே. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ழகரம் ளகரமாதல் பெருவழக்கு. அவர் சிரித்தது ஒரு கணம். அவள் இழந்தது பாட்டனாரோடும் பாட்டியாரோடும் அளவளாவும் மொழி.

ஓசை மாறுதல் மொழியை இழத்தலன்று. மாறிய ஓசையோடு பேசுகின்றவன் இன்னும் பேசுகின்றான். நகைக்கப்பட்டவனே வாய் மூடுகின்றான். மேலும், பிரேசிற் பெண்மணியின் நா ஊர் திரும்பியதும் ஊரோசைக்கு மீண்டமையை மறத்தலாகாது. கேட்கக் கேட்க வரும், கேளாதொழியின் வாராது.

ஆகவே, விழாவுக்கு வரும் பழைய மாணவர் தம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் உடன் அழைத்து வருக. கல்லூரி முற்றத்தில் மாணவரோடு அவர்கள் விளையாடுக. அவர்கள் எவ்வோசையில் ‘வணக்கம்’ என்றாலும், ஆசிரியரும் மாணவரும் நகையாது, ஆங்கிலத்துக்கு மாறாது, தமிழிலேயே மறுமொழி கூறுவாராக.