முதலாம் தவணை

பள்ளிக்கூடச் செய்தி என்பது பத்திரிகைத் தொழிலில் இளையவர்களின் தலையில் கட்டப்படும் வேலை. நானும் அதில்தான் தொடங்கினேன். தவணை தொடங்கும் நாள், புதிய அதிபர், முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரவேற்பு, இல்ல விளையாட்டுப் போட்டி. நான்கு வரிகள் போதும்.

2006ஆம் ஆண்டின் முதலாம் தவணை திருகோணமலையில் நான்கு வரிகளுக்குள் அடங்கவில்லை. ஜனவரி 2ஆம் திகதி மாலை, காந்தி சிலையருகே கடற்கரையில் கூடியிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழகத்தை நோக்கியிருந்த பிள்ளைகள். அவர்களே கொண்டுவந்த கைக்குண்டு வெடித்ததென்று படைத்தரப்பு கூறியது. ‘சுடர் ஒளி’ செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்களிலோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெளிவாகத் தெரிந்தன. அதே மாதம் 24ஆம் திகதி காலை அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வழக்கு நீண்டது. சாட்சிகளுள் சிலர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லையென்று, குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. படங்கள் மட்டும் தாம் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

இப்போது எந்த இளைய நிருபராவது தவணைத் தொடக்கச் செய்தியைக் கொண்டுவந்து தயங்கி நின்றால், “இதெல்லாம் ஒரு செய்தியா?” என்று நான் கேட்பதில்லை. காலையில் போன பிள்ளைகள் மாலையில் வீடு திரும்பினார்கள் என்பதைவிடப் பெரிய செய்தி எங்கள் ஊரில் ஒருகாலம் இருந்ததில்லை.