ஒரு காதுக்கு ஒரு குரல்

ஒரே இயர்ஃபோனை ரெண்டு பேர் பங்கு போட்டுக் கேட்டிருக்கீங்களா? ஒரு காது உங்களுக்கு, ஒரு காது பக்கத்து சீட்டுக்கு. நானும் என் ரூம்மேட்டும் மூணு வருஷம் காலேஜ் பஸ்ல அப்படித்தான் போனோம். அவனோட காதல் புட்டுக்கிட்ட வாரம், நான் போட்டுவிட்ட பாட்டு 'ஆந்த்ராக்ஸ்'. நல்லா மாட்டினேன்!

பாடினது 'கேங் ஆஃப் ஃபோர்'. இங்கிலாந்தில் லீட்ஸ்காரங்க. பாடகர் ஜான் கிங், கிடார் ஆண்டி கில் ரெண்டு பேருமே அந்த ஊர் பல்கலைக்கழகத்தில் ஓவியக் கலை படிச்சவங்க. பேஸ் கிடார் டேவ் ஆலன், டிரம்ஸ் ஹியூகோ பர்ன்ஹாம். பங்க் கோபமும் ஃபங்க் தாளமும் கலந்த இவங்களோட முதல் ஆல்பம் 'என்டர்டெயின்மென்ட்!' 1979-ல் வந்தது. பேஸும் டிரம்ஸும் உங்க காலை ஆட வைக்கும். கிடார் ஆடவிடாது. கில் கிடாரை மீட்ட மாட்டார், வெட்டுவார். ஸோலோ வரப்போகுதுன்னு நீங்க நிமிர்ந்து உட்காருற இடத்தில், அது பாட்டுக்கு வாயை மூடிக்கும். நான் விழுந்ததே அந்தத் திமிர்லதான்.

'ஆந்த்ராக்ஸ்' அந்த ஆல்பத்தோட கடைசிப் பாட்டு. முதல்ல கிடார் மட்டும் தனியா ஊளையிடும். இயர்ஃபோன் அவுட்டோன்னு சந்தேகம் வரும். அப்புறம் தாளம். அப்புறம் ரெண்டு குரல்... ஒரே நேரத்தில், ஆளுக்கு ஒரு பக்கமா! ஒரு பக்கம் கிங், காதல் தன்னை மாட்டு நோய் மாதிரி அடிச்சுப் போட்டதைப் பாடுறார். இன்னொரு பக்கம் கில், லெக்சரர் குரல்ல, ஏன் எல்லாரும் காதலைப் பத்தியே பாடறாங்கன்னு பேசிட்டே போறார்.

அவன் காதுக்குப் போனது கிங். எனக்கு கில். பாட்டு முடிஞ்சப்போ அவன் கண்ணு கலங்கியிருந்தது. நான் சிரிச்சுட்டேன்.

"காதல் பாட்டையே கலாய்க்கிறாங்க, இதுக்குப் போய் அழறியே?"

"நீ எதைடா கேட்ட?" இயர்ஃபோனை என் மடியில வீசிட்டு வேற சீட்டுக்குப் போயிட்டான்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு காதிலும் மாட்டிக் கேட்டேன். அடப்பாவி, அவன் கேட்டது வேற பாட்டு!

நாலு நாள் பேச்சு இல்லை. அந்த நாலு நாளும் இவங்களையேதான் கேட்டேன். 1978-ல் வந்த 'டேமேஜ்டு குட்ஸ்' ஈ.பி.யிலும் 'ஆந்த்ராக்ஸ்' இருக்கு. அதில் கில் பேசுறது காதலைப் பத்தியே இல்லை, அந்தப் பாட்டை ரெக்கார்டிங் பண்ணின விதத்தைப் பத்தி. என்ன கல்நெஞ்சு பாருங்க! 1981-ல் 'சாலிட் கோல்டு', கொஞ்சம் கனம். 1982-ல் ராணுவ யூனிஃபார்மைக் கிண்டலடிச்ச பாட்டு, ஃபாக்லாந்து போர் நேரம்கிறதால பி.பி.சி-யில் தடையானது. 2005-ல் பழைய பாட்டுகளையே திரும்ப ரெக்கார்டு பண்ணாங்க. சத்தம் பளிச்னு இருக்கு, ஆனா என் ஓட்டு 1979-க்குத்தான். கில் 2020-லயும் ஆலன் 2025-லயும் போய்ச் சேர்ந்துட்டாங்க.

அஞ்சாவது நாள் பஸ்ல அவனே பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் மூஞ்சியைப் பார்க்காம கையை நீட்டினான்.

"இன்னிக்கு அந்தக் காதைக் குடு."