ஒழுகும் துளை

நம் பங்கின் ஜீப்புக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. நமக்கு முன்னர் இங்கே பணியாற்றிய நான்கு குருக்களை அது சுமந்திருக்கிறது. திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்கு ஏறும் சாலையில் 18 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அவற்றை நம்மைவிட அந்த வண்டியே நன்கு அறியும். வண்டியைவிட அதன் ஓட்டுநர் அறிவார். லாரி ஓட்டி முதுமை எய்திய மனிதர். நம்மினும் எட்டு வயது மூத்தவர். அவருடைய வலது முன்கையில் ஒரு வெளிறிய தழும்பு உண்டு. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை இளமையில் ஒரு முறை அவசரப்பட்டுத் திறந்ததற்கு அடையாளம் அது.

கடந்த ஆண்டு ஐப்பசியில் ஓர் இரவு, மலைமேல் உள்ள கிளைப்பங்கிலிருந்து செய்தி வந்தது. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் முற்றி வலிப்புக் கண்டுவிட்டது. 108 வண்டி வேறோர் அழைப்பிற்குச் சென்றிருந்தது. உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். பதினோராவது வளைவில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானெட்டின் விளிம்பெங்கும் ஆவி சீறியது. வண்டி நின்றுவிட்டது.

அந்த இருட்டில் நாம் பேசியதை இன்றும் நினைக்கக் கூசுகிறது. "காலையில் தண்ணீர் ஊற்றினீரா, இல்லையா? உண்மையைச் சொல்லும்!" என்று உபதேசியார் முன்னிலையில் கேட்டோம். "ஊத்துனேன் சாமி" என்றார் அவர். அவ்வளவுதான். நாம் நம்பவில்லை. "வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரமில்லை, ஊற்றிய தண்ணீர் வானத்திற்கா போயிற்று?" என்றோம். அவர் மறுமொழி சொல்லாமல், பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சென்றுவிட்டார். அரை மணி நேரம் கழித்து, மேலிருந்து வாழைத்தார் ஏற்றி இறங்கிய சிறு லாரி ஒன்றில் அந்தக் குழந்தையே தாயின் மடியில் எங்களைக் கடந்து மருத்துவமனைக்குச் சென்றது. பிழைத்துக்கொண்டது, இறைவனுக்கு நன்றி. நாம் போகாமலே பிழைத்தது.

மறுநாள் காலை ஓட்டுநர் வழக்கம்போல் வந்தார். சாவியை மட்டும் நம் மேசைமேல் வைத்துவிட்டு, "பட்டறையில பார்த்துட்டு வாங்க சாமி, நான் வரலை" என்றார்.

நாமே சென்றோம். நடுத்தர வயதுள்ள அந்த மெக்கானிக் நாம் சொன்னதைக் கேட்டுவிட்டு உடனே வண்டியைத் தொடவில்லை. வரிசையாகச் சில கேள்விகளைக் கேட்டார். தினமும் எவ்வளவு குறைகிறது? காலையில் புகை வெள்ளையாக வருகிறதா? ஆயில் எப்போது மாற்றியது? முதல் கேள்விக்கு மட்டும் நம்மிடம் விடை இருந்தது. "தினம் அரை லிட்டர் குறையுது சாமி" என்று ஓட்டுநர் இரண்டு மாதமாகச் சொல்லிவந்தார். அதைச் செலவுக்கு அடிபோடும் பேச்சென்று நாம் ஒதுக்கியிருந்தோம்.

என்ஜின் முற்றும் ஆறியபின் மூடியைத் திறந்தார். அந்தச் சிறு மூடியின் வேலையை அன்றுதான் அறிந்தோம். அதில் உள்ள வில் நீரை அழுத்தத்தில் அடக்கி வைக்கிறது. 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர், ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 டிகிரி வரை கொதிப்பதில்லை. ஆகவேதான் சூட்டோடு திறப்பவர் கை வெந்துபோகிறது. மூடி நன்றாகவே இருந்தது. அடுத்து ஆயில் அளவுக்கோலை உருவிப் பார்த்தார். ஹெட் கேஸ்கெட் கிழிந்து நீர் உள்ளே புகுந்திருந்தால் ஆயில் பாலும் தேநீரும் கலந்தாற்போல் வெளுத்திருக்குமாம். வெளுக்கவில்லை. என்ஜினை ஓட்டியபோது ரேடியேட்டரில் குமிழிகள் எழவில்லை. புகையிலும் வெண்மை இல்லை. "பெரிய செலவு தப்பிச்சீங்க" என்றார்.

பின்னர் ரேடியேட்டரின் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்திக் காற்றடித்தார். ஹோஸ்கள் விறைத்தன. முள் பத்து நிமிடம் அசையாமல் நின்றது. ஆக, நிற்கும் வண்டியில் கசிவே இல்லை! நம் ஐயம் மீண்டும் ஓட்டுநர்மேல் திரும்பியது என்பதை மறைக்க விரும்பவில்லை. பிறருடைய குற்றங்களைக் கேட்டே பழகிய செவி, சொல்லாத குற்றத்தையும் கேட்டுவிடுகிறது போலும்.

மெக்கானிக் டார்ச் விளக்கை வாங்கி, பானெட்டின் உட்புறத்தில் அடித்தார். "இங்க பாருங்க ஃபாதர்." ஃபேனுக்கு நேராக, வட்டத்தின் ஒரு பகுதியைப் போலப் பச்சையும் வெண்மையுமாய் உலர்ந்த கறை தெரிந்தது. விரலால் சுரண்டி முகர்ந்தார். கூலண்ட். அது இனிப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. தரையில் தேங்கினால் நாயும் பூனையும் நக்கிச் செத்துப்போகும். ஓடும்போது மட்டும் கசிந்த நீரை ஃபேன் பொடித்துளியாய் வீசியடித்திருக்கிறது. சூடான என்ஜினில் அது விழுந்த கணமே உலர்ந்திருக்கிறது. தரையில் எப்படி ஈரம் இருக்கும்? என்ஜினை நிறுத்தி, ஃபேனைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். ஆடக்கூடாத அது ஆடியது. வாட்டர் பம்பின் பேரிங் தேய்ந்துபோயிருந்தது.

பம்பைக் கழற்றிக் கையில் கொடுத்தார். அதன் அடிப்புறத்தில், பட்டாணி அளவில் ஒரு துளை. அந்தத் துளையை ஏதோ சாம்பல் நிறப் பசையால் அடைத்திருந்தார்கள். "இதை யாரு அடைச்சது?" என்றார்.

நமக்கு நினைவு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குமனை முகப்பில் புதிதாகப் பதித்த தரைக்கற்களின்மேல் ஜீப் சொட்டுச் சொட்டாய்ப் பச்சைக் கறை வைத்தது. வேறொரு பட்டறைக்கு அனுப்பி, எப்படியாவது அடைக்கச் சொன்னவர் நாமே. "அது ஒழுகணும்னுதான் வச்சிருக்கான் சாமி, அடைக்கக் கூடாது, பம்பை மாத்தணும்" என்று ஓட்டுநர் அப்போதே சொன்னார். பிறகு பார்க்கலாம் என்றோம். கல் சுத்தமாயிற்று.

பம்பினுள் நீரைத் தடுக்கும் ஸீல் ஒன்று உண்டு; அதற்கப்பால் பேரிங். ஸீல் தேய்ந்தால் நீர் பேரிங்குக்குள் செல்லாமல் வெளியே வடிவதற்கும், பார்ப்பவன் அறிந்துகொள்வதற்கும் இடையில் அந்தத் துளை. வழியை அடைத்தபின் நீர் பேரிங்கினுள் சென்று, கிரீஸைக் கழுவி, முன்பக்கமாக வெளியேறியிருக்கிறது. வெளியே போட்ட பணத்தை எண்ணினால் புதிய பம்பும் பெல்ட்டும் பெருந்தொகை அல்ல. தரைக்கற்களுக்கு அதைப்போல் பல மடங்கு செலவிட்டிருந்தோம்.

மாலையில் உபதேசியாரையும் அழைத்துக்கொண்டு ஓட்டுநரின் இல்லத்திற்குச் சென்றோம். வழிநெடுகிலும் பொருத்தமான சொற்களைத் தேடினோம். திண்ணையில் அமர்ந்ததும், "துளையை அடைக்கச் சொன்னது நாம். உம்மைப் பொய்யர் என்றதும் நாம். மன்னித்துக்கொள்ளும்" என்று மட்டுமே வந்தது. உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார். ஓட்டுநர் வீட்டினுள் திரும்பி, "சாமிக்குக் காபி கொண்டா" என்று குரல் கொடுத்தார். நெடுநேரம் கழித்து, "பழைய பம்பை எங்க சாமி? தூக்கிப் போட்டுறாதீங்க, பித்தளைக்கடையில போடலாம்" என்றார். அது பித்தளை அல்ல, வார்ப்பிரும்பு. அதை அவரும் அறிவார்.

இப்போது முள் நடுவிலேயே நிற்கிறது. ஆயினும் வண்டியின் பின்னால் ஐந்து லிட்டர்த் தண்ணீர்க் கேன்கள் இரண்டு எப்போதும் உருள்கின்றன. பம்புதான் புதிதாயிற்றே என்று சென்ற வாரம் கேட்டோம்.

"இருக்கட்டும் சாமி, ரேடியேட்டர் பழசு" என்றார்.