ரெம் போட்ட வரி

முப்பது வருஷம் கம்ப்யூட்டரில் குப்பை கொட்டியவன் என்றால் பெரிதாக ஏதோ செய்திருப்பான் என்று ஊரில் நினைக்கிறார்கள். கடைசி சில வருஷம் நான் பார்த்தது பில்டு ஸ்கிரிப்ட் பராமரிப்பு. ஓபன்எஸ்எஸ்எல் என்கிற மறையாக்க நூலகத்தின் சோர்ஸை எடுத்து, எங்கள் விண்டோஸ் மென்பொருளுக்கு வேண்டிய டிஎல்எல் கோப்புகளாக்கித் தரும் வேலை. கல்யாண வீட்டுக் கோட்டையடுப்பு மாதிரி. பந்தி ஒழுங்காக நடக்கிறவரை அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

எனக்கு முன்னால் இருந்த அண்ணன் விட்டுப்போன பேட்ச் ஃபைலில், புரோகிராம்களைத் தேடும் ஃபோல்டர் பட்டியலான பாத்தில் விஷுவல் ஸ்டுடியோ ஃபோல்டரை முன்னால் கொண்டுவரும் வரி ஒன்று இருந்தது. என் மெஷினில் அது இல்லாமலும் பில்டு ஓடியது. குப்பை என்று அழித்தேன். வீட்டைப் பெருக்கிய திருப்தி.

ரிலீஸ் மெஷினில் அன்றைக்கு ராத்திரி எல்லா சி கோப்புகளும் சமர்த்தாகக் கம்பைல் ஆயின. கடைசியில் லிங்க் செய்யும் இடத்தில் ‘எக்ஸ்ட்ரா ஆபரண்ட்’ என்று முனகிவிட்டு நின்றது. மைக்ரோசாஃப்ட் லிங்க்கர் அப்படிப் பேசாதே என்று விடியும்வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான்: அந்த மெஷினில் கிட் (Git) போட்டவர் அதோடு வரும் யூனிக்ஸ் கருவிகளையும் பாத்தில் சேர்த்திருந்தார். அதிலும் லிங்க் என்ற பெயரில் ஒரு புரோகிராம் உண்டு. வேலை வேறு, பெயர் ஒன்று. நான் அழித்த வரி இல்லாததால் அது முந்திக்கொண்டது. ஆள்மாறாட்டம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். “அந்த வரிய எடுத்துட்டியா தம்பி? அத கண்டுபிடிக்க நான் ரெண்டு ராத்திரி தூங்கலடா” என்றார். “அத எழுதி வச்சிருக்கலாமேண்ணே” என்றேன். பதில் இல்லை. தப்பு என்னுடையதுதான், ஆனாலும் அதில் பாதியை இன்றுவரை அவர் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

நான் இழந்தது ஒரு ராத்திரி. டெபியன் லினக்ஸ்காரர்கள் இழந்தது அதிகம். 2006-இல் மெமரியைச் சோதிக்கும் கருவி எச்சரிக்கை காட்டுகிறதே என்று, இதே ஓபன்எஸ்எஸ்எல்லில் இரண்டு வரிகளை முடக்கினார்கள். கேட்காமல் செய்யவில்லை, கேட்டார்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு வரிதான் சாவிகளுக்கு வேண்டிய தற்செயல்தன்மையைக் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அது போனபின் மாறிக்கொண்டிருந்தது புராசஸ் எண் மட்டும். ஒரே வகை மெஷினில், ஒரே வகை, ஒரே நீளச் சாவியென்றால் 32,768-க்குள் எண்ணி முடித்துவிடலாம். 2008 மே 13-இல் விஷயம் வெளியே வந்தது. டெபியனை வைத்துச் செய்த உபுண்டுவிலும் அதே கதை. திருடனுக்குத் தெரிந்த கொத்துச் சாவியை வைத்துப் பூட்டியதுபோல கிட்டத்தட்ட இரண்டு வருஷம். எச்சரிக்கை மட்டும் வரவே இல்லை.

ரிலீஸ் நின்ற அந்த ராத்திரிக்குப்பின் நான் தொட்ட ஒவ்வொரு வரிக்கும் மேலே ரெம் (பேட்ச் ஃபைலில் குறிப்பு எழுதும் கட்டளை) போட்டு மூன்று விஷயம் எழுதினேன்: ஏன் வந்தது, எடுத்தால் எது உடையும், எப்போது எடுக்கலாம். கட்டளையைவிடக் கதை அதிகம் என்று பையன்கள் சிரித்தார்கள்.

போன வாரம் என் இடத்தில் இருக்கும் பெண் கூப்பிட்டாள். 2016-இல் 1.1.0 வந்தபோது டிஎல்எல் பெயர்களே மாறின. பழைய கோப்புகளைத் தேடி அழிக்க அப்போது நான் சேர்த்த வரி பற்றித்தான்.

“பழைய இன்ஸ்டாலர் வச்சிருக்கிற கடைசி கஸ்டமர் மாறினதும் எடுக்கலாம்னு போட்டிருக்கீங்க சார். அவங்க மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. எடுத்துடட்டுமா?”

“எடும்மா” என்றேன்.