ஐந்தாம் இலக்கப் பிரிட்ஜ் செய்த குற்றம்

எங்கடை குசினியிலை 7 பிரிட்ஜ். இரவு கடை பூட்ட முதல் ஒவ்வொன்றின்ரை வெப்பநிலையையும் பார்த்துத் தாளிலை எழுதிறது என்ரை வேலை. கம்பஸ் படிப்பு அரைவாசியிலை நின்றாலும் கணக்கு ஆசை விடேல்லை. பைதன் பழகத் தொடங்கினதும், ஒரு கிழமைத் தாளை நம்பை அணியாக்கி, பிரிட்ஜ் வாரியாய்ச் சராசரி எடுத்தன். 5ஆவது மட்டும் 7 பாகை. மற்றதெல்லாம் 4.

முதலாளிக்குச் சொன்னன். சாமான் முழுக்க இறக்கினம். மெக்கானிக் வந்தார், ஒரு பழுதும் இல்லையெண்டு சொல்லிக் காசையும் வாங்கிக்கொண்டு போனார். முதலாளி ஒன்றும் பேசேல்லை. ஏசியிருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

பிழை என்னிலைதான். நிரை பிரிட்ஜ், நிரல் நாள் எண்டு நினைச்சன். தாளிலை மறுவளம். சூடாயிருந்தது 5ஆம் பிரிட்ஜ் இல்லை, 5ஆம் நாள். வெள்ளிக்கிழமைச் சனத்துக்கு எல்லாக் கதவும் திறந்து திறந்து மூடின இரவு. 6 பிரிட்ஜ் எண்டால் 7 சராசரி வந்து அப்பவே பிடிபட்டிருக்கும். 7க்கு 7 எண்டபடியால் கணினி வாயே திறக்கேல்லை.

பிறகுதான் 2014இல் வெளிவந்த எக்ஸ்அரே பற்றி அறிஞ்சன். அதிலை பரிமாணங்களுக்குப் பெயர் வைக்கலாம். 'நாள்' வழியே சராசரி எடு எண்டால், அது எத்தனையாவது இடத்திலை இருந்தாலும் சரியாய் எடுக்கும். ஒழுங்கு மாறின இரண்டு அணிகளைக் கழித்தாலும் பெயர் பார்த்துப் பொருத்தும்; விடை முதல் அணியின்ரை ஒழுங்கிலை வரும். ஆனால் ஒன்று கவனம்: வெறும் எண்களை மட்டும் நம்பைக்கு எடுத்துக் குடுத்தால் பெயர்கள் கழன்று போகும், பழையபடி ஒழுங்குதான் எல்லாம். அதனாலை எடுக்க முதல் டிரான்ஸ்போஸ் போட்டு, வேண்டிய ஒழுங்கைப் பெயர் சொல்லியே நிறுத்துங்கோ.

இது எனக்கு முதலே தெரிஞ்சிருக்க வேணும். இந்த நாட்டுக்கு வந்த அன்று, ஊர் வழக்கப்படி அப்பாவின்ரை பெயரை முன்னுக்கும் என்ரையைப் பின்னுக்கும் சொன்னன். எழுதினவர் கேட்ட ஒழுங்கிலேயே நிரப்பினார். இரண்டு பெட்டி, இரண்டு பெயர். ஒருத்தருக்கும் பிழை தெரியேல்லை. குசினியிலை இண்டைக்கும் என்னை அப்பாவின்ரை பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகினம்.